உழைப்பும் நியாயமும் சேர்ந்து வரும் நாட்டுப்புறக் கதைகள் தேவை

அனைவருக்கும் வணக்கம். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்குக் கதை சொல்லி வரும் எனக்கு உங்கள் உதவி தேவைப்படுகிறது. எறும்பும் வெட்டுக்கிளியும் கதையைச் சொல்லி முடித்தபோது, கோடை முழுவதும் பாடிய வெட்டுக்கிளிக்கு எறும்பு ஒரு தானியமாவது கொடுத்திருக்கலாமே என்று ஒரு குழந்தை கேட்டது. உழைப்பைப் போற்றும் அந்தக் கதை, நியாயம் பற்றிய இக்கேள்விக்கு இடமே வைக்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்கின் கதையிலோ ஏமாற்று இருக்கிறது, உழைப்பு இல்லை. (நீதியைக் கடைசி வரியில் ஒட்டவைக்கும் கதைகளைக் குழந்தைகள் உடனே கண்டுகொள்கிறார்கள், அவை வேண்டாம்.) சேர்ந்து உழைத்தவர்கள் பலனை எப்படிப் பிரித்துக்கொள்வது, உழைக்க இயலாதவருக்கும் பங்கு உண்டா என்று குழந்தைகளைப் பேசவைக்கும் சிறு கதைகள் தெரிந்தவர்கள், அவற்றின் சுருக்கத்தை இங்கே பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.