பொது மௌன அஞ்சலியா, பெயர் சொல்லும் நினைவேந்தலா?

வாவிக்கரையான்:
2009 இறுதிப் போரில் முள்ளிவாய்க்காலில் கொல்லப்பட்டவர்களின் நினைவு நாளான மே 18 அன்று எங்கள் வாசிகசாலை முற்றத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி பரிமாறுவதற்கு முன்னர் இரண்டு நிமிட மௌன அஞ்சலி செலுத்துவது வழக்கம். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றபோது சுட்டுக்கொல்லப்பட்டவர்களும் நம் மட்டக்களப்பு மாவட்டத்து மக்களே என்பதால், அந்த மௌனத்தைப் "போரில் உயிரிழந்த அனைவருக்கும்" என்று அறிவிக்கும்படி நிர்வாகசபையிடம் கேட்டேன். பலர் மறுத்துவிட்டனர்.

பனிச்சையடிப் பேரன்:
ஐயா, மறுத்தவர்களுள் நானும் ஒருவன். 1990 செப்டெம்பர் 9 அன்று சத்துருக்கொண்டான், பனிச்சையடி, பிள்ளையாரடி, கொக்குவில் ஆகிய ஊர்களிலிருந்து இலங்கை இராணுவத்தினரால் கூட்டிச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டவர்களில் கைக்குழந்தைகளும் இருந்தார்கள். அந்த நாளில் எங்கள் அம்மம்மா குத்துவிளக்கின் முன் அமர்ந்து, தங்கையின் பெயரையும் அவருடைய பிள்ளைகளின் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லித் திரியைத் தூண்டுவார். ஒரு பெயர் விடுபட்டாலும் முதலிலிருந்து தொடங்குவார். "அனைவருக்கும்" என்னும் சொல்லில் அந்தப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? இறந்தவரின் பெயரையும் கொன்றவரையும் சொல்லாத மௌனம் கொன்றவர்களுக்கே வசதியானது.

காத்தநகர் வாசகன்:
வாவிக்கரையான் அவர்களின் நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் தம்பி சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. மீரா ஜும்ஆப் பள்ளிவாசல் சுவரில் சன்னங்கள் துளைத்த இடங்கள் இன்றும் பூசப்படாமல் இருக்கின்றன. சிறுவயதில் வாப்பா என் விரலைப் பிடித்து அவற்றுள் ஒன்றில் வைத்தார். எங்கள் சுஹதாக்களுக்காக, அதாவது உயிர்த்தியாகிகளுக்காக, நாங்கள் துஆக் கேட்கிறோம். மௌனம் காப்பது எங்கள் வழக்கமன்று. உங்கள் மே மாதத்துக்குள் எங்களைச் சேர்ப்பதை விட, ஆகஸ்ட் 3 அன்று இங்கே வந்து, இதைச் செய்தவர்கள் விடுதலைப் புலிகள் என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

வாவிக்கரையான்:
அவ்வாறு சொல்ல நான் தயங்கவில்லை. ஆயினும், எங்கள் ஊரிலிருந்து அந்த நாளில் இதுவரை ஒருவரும் காத்தான்குடிக்குப் போனதில்லை என்பதும், நாளை போவார்கள் என்பதற்கு உறுதி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். இந்த ஆண்டு அந்த முற்றத்தில் நிற்கப்போகும் பிள்ளைகள் காத்தான்குடியின் பெயரையாவது கேட்கட்டும் என்றே பொது மௌனத்தைக் கேட்டேன்.

பனிச்சையடிப் பேரன்:
கேட்கட்டும், ஐயா, ஆனால் பெயராகவே கேட்கட்டும். காத்தான்குடி, சத்துருக்கொண்டான், முள்ளிவாய்க்கால் என்று ஊரையும் நாளையும் செய்தவரையும் வாசித்த பிறகு மௌனம் காப்பதானால், அடுத்த கூட்டத்தில் உங்கள் தீர்மானத்தை நானே வழிமொழிகிறேன். "அனைவருக்கும்" என்று மட்டும் எழுதி வந்தால் மறுபடியும் எதிர்ப்பேன்.