ஊர் நிலத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து பவர் எழுதியவர்களின் அனுபவங்கள்

ஈசூன்வாசி:

பட்டுக்கோட்டைக்கு அருகே அம்மா வழியில் எனக்கும் தங்கைக்கும் வந்த நிலத்தை விற்பதற்காக, ஊரில் இருக்கும் சித்தப்பா மகனுக்குப் பவர் (நம் சார்பில் செயல்பட ஒருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) கொடுத்தோம். பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முந்தைய மாதிரிப் பத்திரம் ஒன்று இன்றும் இங்கே கைமாறிக்கொண்டிருப்பதால், மாறியிருப்பவற்றை எழுதுகிறேன்.

பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தத்தின்படி, 2012 டிசம்பர் 1 முதல் அசையாச் சொத்து தொடர்பான பவர் பத்திரங்களைப் பதிவு செய்தாக வேண்டும். இந்தியாவுக்கு வெளியே எழுதப்படுபவற்றுக்கு மட்டும் அந்தக் கட்டாயம் இல்லை. இதைக் கேட்டதும், கையெழுத்திட்டு அனுப்பினால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். விலக்கு பதிவுக்குத்தான், முத்திரைத் தீர்வைக்கு இல்லை. பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதை மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்து, தீர்வை செலுத்தி, சான்று பெற வேண்டும். வந்து சேர்ந்த நாளுக்கு எதைக் காட்டுவது? எங்கள் ஆவண எழுத்தர் பத்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே, அது வந்த கூரியர் உறையை வாங்கி, தேதி தெரியும்படி கோப்பில் வைத்துக்கொண்டார்.

நாங்கள் இருவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். ஆகவே இங்குள்ள நோட்டரி வழக்கறிஞர் முன்னிலையில் கையெழுத்திட்டு, அவருடைய சான்றுக்குச் சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லாவின் அப்போஸ்டிலும் (வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அங்கீகாரச் சான்று) பெற்றோம். இந்தியா 2005 முதலே அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. சிங்கப்பூருக்கு அது 2021 செப்டம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்தது.

பத்திரத்தில் ‘சகல அதிகாரங்களும்’ என்று எழுத நான் சம்மதிக்கவில்லை. சர்வே எண், நான்கெல்லை ஆகியவற்றோடு அந்த ஒரு நிலத்தை மட்டும் குறிப்பிட்டு, கிரயத் தொகை எங்கள் என்ஆர்ஓ கணக்குகளுக்கே (வெளிநாட்டில் வசிப்போர் இந்திய வங்கியில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) வர வேண்டும் என்றும் சேர்த்தோம். தம்பி மீது நம்பிக்கை இல்லையா என்று சித்தி வருத்தப்பட்டார். அந்த வருத்தம் ஒரு தீபாவளியோடு போய்விடும் என்பது என் கணக்கு. கிரயத்தன்று சார்பதிவாளர் எங்கள் இருவருக்கும் அண்மையில் பெற்ற உயிர்வாழ் சான்று கேட்டார். பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்துவிடும் என்பதால் அதில் நியாயம் இருக்கிறது.

ஜூரோங் வெஸ்ட் நண்பர்:

ஐயா சொன்னதோடு ஒன்று. நான் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவன். இந்தியத் தூதரக வழியாக மேலொப்பம் பெற்றேன். ஊருக்கே போய்ப் பதிவு செய்துவிடலாமா என்று முதலில் யோசித்தேன். ஆனால் குடும்பத்தாரல்லாத ஒருவருக்கு எழுதும் பவருக்கு, முன்பு 10,000 ரூபாயாக இருந்த பதிவுக் கட்டணம் 2023 ஜூலை 10 முதல் சொத்தின் சந்தை மதிப்பில் ஒரு சதவீதமாகிவிட்டது. நான் பவர் கொடுக்க நினைத்தவர் பள்ளித் தோழர். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, என் அக்காவையே முகவராக்கினேன்.

தெம்பனிஸ் சகோதரி:

அப்பாவுக்கு மறதி நோய் தொடங்கிய காலத்திலேயே, பிற்காலத்தில் அவர் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் சிங்கப்பூர்ப் பத்திரமான எல்பிஏ செய்து வைத்திருந்தோம். அதைக் கொண்டு சிவகங்கையில் உள்ள வீட்டையும் விற்றுவிடலாம் என்று அண்ணன் நினைத்தார். சிங்கப்பூரின் 2008ஆம் ஆண்டு மனநல ஆற்றல் சட்டப்படி செய்யப்படும் எல்பிஏ, அதைச் செய்தவர் முடிவெடுக்கும் ஆற்றலை இழந்த பிறகே நடைமுறைக்கு வருகிறது. ஊர்ச் சொத்துக்கு எழுதும் பவரோ, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி, எழுதிக்கொடுத்தவரின் சித்த சுவாதீனம் போனதும் முடிந்துவிடுகிறது. அப்பா தெளிவாக இருந்தபோதே பவர் எழுதி வீட்டை விற்றிருக்கலாம். இப்போது அவரால் கையெழுத்திட முடிந்தாலும் எந்த நோட்டரியும் சான்றளிக்க மாட்டார். நீதிமன்றம் வழியாகக் காப்பாளர் நியமனம் பெறுவதைத் தவிர வேறு வழியில்லை என்று ஊர் வழக்கறிஞர் சொல்லிவிட்டதால், அப்பாவின் மருத்துவ அறிக்கைகளைத் திரட்டி அனுப்பியிருக்கிறோம். இந்த வழியில் போய் முடித்தவர்கள் இருந்தால், எவ்வளவு காலம் பிடித்தது என்று எழுதுங்கள்.