ஆட்டுக்கொல்லி நோய்: மாதிரி எடுப்பது முதல் மரபணுத் தடம் வரை

உறவுகளுக்கு வணக்கம்.

பட்டியில் ஆட்டுக்கொல்லி (பி.பி.ஆர்.) புகுந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "எங்கிருந்து வந்தது?" வைரஸின் மரபணுவைப் படித்து அதற்கு ஓரளவு விடை சொல்லலாம். விடை கிடைக்குமா என்பது பெரும்பாலும் மாதிரி எடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

காய்ச்சல் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, கண்ணிலும் மூக்கிலும் தெளிந்த நீர் வடியும் நாட்களில்தான் மாதிரி எடுக்க வேண்டும். சளி கெட்டியாகி, கழிச்சல் முற்றிய ஆட்டைவிட, இன்று காலை தீனி எடுக்காமல் ஒதுங்கி நிற்கும் ஆடு மேல். ஐந்தாறு ஆடுகளிலாவது எடுங்கள். பஞ்சுக்குச்சி பாலியெஸ்டர் முனையும் பிளாஸ்டிக் தண்டும் உள்ளதாக இருக்கட்டும். மரத்தண்டிலிருந்து கசிபவை, மரபணுத் துண்டைப் பல மடங்கு பெருக்கிக் காணும் பி.சி.ஆர். சோதனையைக் கெடுக்கலாம். கண், மூக்கு, ஈறு ஒவ்வொன்றுக்கும் தனிக்குழாய். ரத்தம், உறையாமல் காக்கும் இ.டி.டி.ஏ. சேர்த்த குழாயில்தான். அதே வேலைக்கான ஹெப்பாரின் பி.சி.ஆரைத் தடுக்கும். செத்த ஆடென்றால் நுரையீரல், மண்ணீரல், குடலை ஒட்டிய நிணநீர்க் கணு, உடம்பு சூடு ஆறுவதற்குள். அவற்றை ஃபார்மலினில் போட்டால் வைரஸின் மரபணுப் பொருளான ஆர்.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் அனுப்புங்கள். உறையவைத்து, உருகவிட்டு, மறுபடி உறையவைப்பதைவிட மோசமான கெடுதல் வேறில்லை.

நோய்க்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புரதத்தை ரத்தத்தில் பார்க்கும் எலைசா சோதனை இங்கே அதிகம் உதவாது. தடுப்பூசி போட்ட ஆடும் நோய் கண்டு தேறிய ஆடும் அதில் ஒன்றுபோலவே தெரியும். நோய் இப்போது இருக்கிறதா என்று அறிய, ஆர்.என்.ஏ.-வை டி.என்.ஏ.-வாக மாற்றிப் பெருக்கும் ஆர்.டி.-பி.சி.ஆர். வேண்டும். வழக்கமாக, ஆர்.என்.ஏ.-வைப் போர்த்தியிருக்கும் நியூக்ளியோபுரதத்துக்கான மரபணுவில் 351 எழுத்துள்ள (மரபணுக் குறியீட்டின் எழுத்துகள்) துண்டைப் பெருக்கி, அதன் எழுத்து வரிசையையே படிப்பார்கள்.

அந்த வரிசை தடுப்பூசி வைரஸோடு அச்சு அசலாகப் பொருந்தினால் உடனே நம்பிவிடாதீர்கள். சோதனை சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வைக்கும் ஒப்பீட்டு மாதிரியே பல ஆய்வகங்களில் தடுப்பூசி வைரஸ்தான். அதில் ஒரு சொட்டு தெறித்தாலும் இதே முடிவு வரும். அண்மையில் ஊசி போட்ட ஆடாகவும் இருக்கலாம். மாதிரியிலிருந்து புதிதாக ஆர்.என்.ஏ. பிரித்து, வைரஸே இல்லாத வெற்று மாதிரியோடு சேர்த்து மறுபடி ஓட்டிப் பார்ப்பதுதான் வழி.

இந்த வைரஸில் நான்கு மரபுவழிகள், அதாவது மரபணு ஒப்புமையால் பிரித்த கிளைகள், உண்டு. நோய் முதலில் பதிவானது 1942-இல், ஐவரி கோஸ்ட்டில். இந்தியாவில் 1987-இல், விழுப்புரம் பக்கம் அரசூரில். ஆசியாவில் பரவலாக இருப்பது நான்காவது மரபுவழி. இந்தியாவில் போடும் சுங்ரி 96 தடுப்பூசி வைரஸும் அதே வழிதான். ஆகவே "மரபுவழி 4" என்ற அறிக்கை மட்டும் வந்தால், இந்தியாவில் அதனால் எந்தப் பட்டியையும் சுட்ட முடியாது.

அந்தச் சிறு துண்டின் வரிசையும் பெரிதாக உதவாது. காரணம் எளிய கணக்கு. வைரஸ் ஆண்டுக்கு ஆயிரம் எழுத்துக்குச் சுமார் ஒன்று மாறுகிறது. பெருக்கலைத் தொடங்க இரு முனைகளிலும் ஒட்டும் பிரைமர் பகுதியைக் கழித்தால் அந்தத் துண்டில் மிஞ்சுவது ஏறத்தாழ 300 எழுத்து. ஒரு மாற்றம் தென்பட மூன்று ஆண்டாகும். வைரஸின் முழு மரபணுத்தொகுதி 15,948 எழுத்து. அதில் ஆண்டுக்குச் சுமார் பதினாறு மாற்றம், அதாவது மாதத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேல். ஒரே பருவத்தில் இரண்டு சந்தைகளில் எது மூலம் என்று பிரிக்க முழுத்தொகுதிதான் வேண்டும். அதற்கு வைரஸ் நிறைய உள்ள மாதிரி தேவை. முதல் நாட்களின் குச்சி அங்கேதான் கைகொடுக்கும்.

குழாயோடு போகும் சீட்டில் இவை இருக்கட்டும்: நோய் கண்ட தேதி, ஆடு வாங்கிய தேதியும் இடமும், கூட வந்த ஆடுகள் போன இடம், தடுப்பூசி போட்ட நாள், அந்த மருந்தின் பேட்ச் எண். முடிவு வரும்வரை பட்டியிலிருந்து ஒரு ஆடும் வெளியே போகக் கூடாது. நோய்க்குறி தெளிவாகத் தெரியும் முன்பே ஆடு வைரஸைக் கக்கத் தொடங்கிவிடும்.