சிறுதானியம் சமைக்கப் போய் நடந்தது: உங்களுக்கும் ஒன்று இருக்குமே?

சூளைமேடு சுதா:

கம்பு அரைக்கக் கொடுத்தபோது நடந்த ஒன்று மனதைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது, அதனால்தான் இந்த இழை. ஞாயிற்றுக்கிழமை காலை, மாவு மில்லில் கூட்டம். தூக்கில் கொண்டுபோன கம்பைத் தராசில் வைக்கும் முன்பே மில்காரர் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார், உள்ளங்கையில் தேய்த்து ஊதினார், மோந்து பார்த்தார். “வீட்ல எத்தனை பேரு?” மூணு பேர் என்றேன். “அப்போ அரைக் கிலோ அரைச்சுத் தர்றேன், மீதியை எடுத்துட்டுப் போங்க.” கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர், தேடி வந்த வரும்படியை வேண்டாம் என்கிறார்! நானும் விடவில்லை. ஆபீஸ் இருக்கிறது, சும்மா சும்மா வந்து நிற்க முடியாது, எல்லாவற்றையும் அரைத்துவிடுங்கள் என்றேன். அவர் பதிலே சொல்லாமல் மெஷின் வாயில் கட்டியிருந்த துணிக்குழாயை இரண்டு தட்டு தட்டி, உள்ளே ஒட்டியிருந்த மாவை உதறிவிட்டு, அரைக் கிலோ மட்டும் அளந்து கொட்டினார். மீதித் தூக்கை என் பக்கம் தள்ளினார். “வச்சிருந்தா காறிப் போயிடும்மா. அப்புறம் மில்லுக்காரன் கெடுத்துட்டான்னு என்னைத்தான் சொல்வீங்க.”

அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இப்போது பெரிய கடைகளில் எப்போது அரைத்தார்கள் என்றே தெரியாத கம்பு மாவுப் பாக்கெட்டுகளைப் பார்த்தால், அவர் அந்தத் துணியைத் தட்டியதுதான் ஞாபகம் வருகிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள். ரெசிபி வேண்டாம், அது எங்கும் கிடைக்கிறது.

பெரம்பூர் அப்பா:

மில் என்றதும் எழுதத் தோன்றியது. என் மகளுக்குச் சீலியாக், கோதுமை ஆகாது. ராகி, சோளம் எல்லாம் ஆகும், ஆனால் மில்லில் முன்னால் ஓடியது கோதுமையாக இருந்தால் என்ன பயன்? அன்றைக்கு எனக்கு முன்னால் ஒரு மூட்டை சப்பாத்தி மாவு ஓடி முடிந்திருந்தது. மெஷினைத் துடைக்க முடியுமா என்று கேட்டேன், இவ்வளவு பேர் நிற்கும்போதா சார் என்றார் மில்காரர். அதுவும் நியாயம்தான். கிளம்பலாம் என்று திரும்பினால் எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா, பூ விற்கிறவர் என்று நினைக்கிறேன், கையில் கூடை இருந்தது, “முதல்ல என் பச்சரிசியைப் போடுப்பா, கோதுமை எல்லாம் என்னுதுல வந்துடும், அப்புறம் அந்தப் பாப்பாவுதைப் போடு” என்றார். கொழுக்கட்டைக்குக் கொண்டுவந்த அரிசி. அதில் கோதுமை கலந்தால் மாவு கொஞ்சம் பழுப்பாகத்தான் வரும், வந்தது. அவர் அதைப் பார்த்தார், மூடியைப் போட்டார், காசைக் கொடுத்தார், போய்விட்டார். பேர்கூடக் கேட்கவில்லை நான்.

தி.நகர் கிச்சன்:

பெரம்பூர் சார், அந்த அம்மா நல்ல மனசுக்காரர்தான், ஆனால் நீங்கள் செய்தது பாதுகாப்பு இல்லை. சீலியாக் இருப்பவர்களுக்கு ஆகாதது கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம். நம் ஊர் விதிப்படி குளூட்டன் இல்லாதது என்று பாக்கெட்டில் போட வேண்டும் என்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. ஒரு மூட்டை கோதுமை ஓடிய கல்லில் கொஞ்சம் பச்சரிசி ஓட்டினால் அந்த அளவுக்கு இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தயவுசெய்து வீட்டிலேயே அரையுங்கள். ராகியைக் கழுவி, வடித்து, துணியில் நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஜாடி சூடானால் நிறுத்தி, சன்னச் சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை மறுபடி போட்டு ஓட்டுங்கள். சல்லடையும் கோதுமை தொடாததாக இருக்கட்டும், பழைய சல்லடையின் கம்பி இடுக்கில் எவ்வளவு தேய்த்தாலும் மாவு நிற்கும். ரொட்டிக்கு மாவு பிசையும்போது கொதிக்கிற தண்ணீர் விட்டுக் கரண்டிக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள். குளூட்டன் இல்லாத மாவு பச்சைத் தண்ணீரில் சேராது, விரிசல் விடும். வாழை இலையில் எண்ணெய் தடவித் தட்டினால் எடுக்க வரும். தோசைக்கு உளுந்து கொஞ்சம் தூக்கலாகப் போடுங்கள். பெருங்காயத்தூளையும் பாருங்கள், கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ப்பார்கள், அட்டையைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

என் அனுபவம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்கு இதே பிரச்சினை. சாம்பாரில் போட்ட பெருங்காயத்தில்தான் வந்தது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ரொம்ப நாள் ஆனது.

பெரம்பூர் அப்பா:

மேடம், இது பழைய கதை, இப்போது வீட்டில்தான் அரைக்கிறோம். நான் அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னேன். பெருங்காயம் பற்றிச் சொன்னதற்கு நன்றி, அது தெரியாது.

ராயபுரம் மருமகள்:

என் மாமனாருக்குச் சர்க்கரை. வீடியோக்களைப் பார்த்துவிட்டு அரிசியை அடியோடு நிறுத்திச் சாமைக்கு மாறினோம். மூன்று மாத சராசரி காட்டும் டெஸ்ட் எடுத்தால், எண் நின்ற இடத்திலேயே நிற்கிறது. டாக்டர் அதட்டுவார் என்று பார்த்தால், “அடுத்த தடவை அந்தச் சாமையில ஒரு கைப்பிடி எடுத்துட்டு வாங்க” என்றார். மாமனாரும் கவரில் மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். டாக்டர் அதை மேசைக் கண்ணாடிமேல் கொட்டிப் பேனா மூடியால் பரப்பினார். பிறகு டிராயரிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துப் பக்கத்தில் இன்னொரு குவியல் கொட்டினார். இரண்டும் சாமைதான். அவருடையது மங்கலான பழுப்பு, மணிக்கு மணி மேல்தோல் ஒட்டியிருந்தது. எங்களுடையது ரவை மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்தது.

“இதுல தவிடே இல்ல பெரியவரே. அரிசிக்குப் பதிலா இன்னொரு அரிசி சாப்பிட்டிருக்கீங்க. சரி, ஒரு வேளைக்கு எவ்வளவு? கையால காட்டுங்க.” மாமனார் இரண்டு கையையும் சேர்த்துக் குவித்துக் காட்டினார். சிறுதானியம்தானே, இதற்கெல்லாம் அளவு ஏது என்று இருந்துவிட்டார் போல.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு அருகில் வந்த பிறகு, “அந்த டப்பாவை அவரு இதுவரைக்கும் எத்தனை பேருக்குக் கொட்டிக் காட்டியிருப்பாரு?” என்று மட்டும் கேட்டார்.

மண்ணடி பாஷா:

ராயபுரத்துச் சகோதரிக்கு. டாக்டர் சொன்னது சரி, ஆனால் எல்லாப் பழியையும் கடைக்காரன் தலையில் போடுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு இவற்றுக்கெல்லாம் மேலே உமி உண்டு, அதை மனிதன் தின்ன முடியாது, எடுத்தே ஆக வேண்டும். கம்பு, கேழ்வரகு, சோளத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, அதனால் ஏமாற்றவும் அவ்வளவு இடம் இல்லை. உமியை நீக்கும்போது கீழே இருக்கிற தவிட்டில் எவ்வளவு போகிறது, எவ்வளவு நிற்கிறது என்பதுதான் சங்கதி. கொல்லிமலையில் பெண்கள் இந்தச் சாமையை உரலில் குத்திப் புடைத்துத்தான் சோறாக்கினார்கள், அந்த உழைப்புக்கு அஞ்சியே பல வீடுகள் ரேஷன் அரிசிக்குப் போயின. நம் தரமணியில் இருக்கிற சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே உமி நீக்கும் மெஷினைக் கொண்டுபோன பிறகு அந்த வேலை குறைந்தது. மெஷின் வந்தால் வெள்ளையாகத்தான் வர வேண்டும் என்றில்லை, எங்கே நிறுத்துகிறோம் என்பது கையில் இருக்கிறது. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது எல்லாரும் வாங்கினார்கள், ஆனால் எல்லாரும் வெள்ளையாகக் கேட்டார்கள்.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கொத்தவால்சாவடியில் காய்கறி 1996-ல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டாலும் மளிகை மொத்தக் கடைகள் இன்னும் இருக்கின்றன. அங்கே ஒரு பெரியவர் கடையில் சாமை மூட்டையைக் கிளறிக்கொண்டு, தவிடு இருக்கிறதா, எத்தனை மாதம் தாங்கும், வண்டு வருமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “வண்டு வராத சாமை வேணுமா, தவிடு போகாத சாமை வேணுமா? ரெண்டும் ஒரே மூட்டையில கிடைக்காது பாய்.”

ராயபுரம் மருமகள்:

நான் கடைக்காரரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே!

அம்பத்தூர் ரவி:

எல்லாரும் எழுதுகிறீர்கள், வரகு பற்றி யாரும் எச்சரிக்கவில்லை. 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசம் பாந்தவ்கரில் 10 யானைகள் வரகு தின்று செத்தன. அந்தச் செய்தி வந்த வாரம் என் அக்கா வீட்டில் வரகுப் பொங்கல். மாமா கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், நெய்யும் மிளகும் மணக்கிறது, கை மட்டும் போகவில்லை. கடைசியில் தும்பிக்கை இருந்தால்தான் சாப்பிட முடியும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றோடு அந்த வீட்டில் வரகு நின்றது.

மண்ணடி பாஷா:

ரவி தம்பி, பாதிச் செய்தியை வைத்துப் பயமுறுத்தாதீர்கள். யானைகள் தின்றது வயலில் நின்ற, பூஞ்சை பிடித்த பயிரை. பரிசோதனையில் வந்தது சைக்ளோபியாசோனிக் அமிலம், அது அந்தப் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு. ஈரத்தில் கிடந்த வரகு மயக்கம் தரும் என்பது பயிர் செய்கிறவர்களுக்குப் பழைய சேதி. காய்ந்த, நாள்பட்ட, உமி நீக்கிய வரகு வேறு. கோபுரக் கலசத்தில் கும்பாபிஷேகத்துக்கு வரகை நிரப்புகிறார்கள், அது அத்தனை வருஷம் கிடக்கும் தானியம். உங்கள் மாமாவுக்குச் சொல்லுங்கள்.

அம்பத்தூர் ரவி:

அவர் இப்போது குதிரைவாலியில் இருக்கிறார். அதன் பேரையும் சொல்லிப் பயமுறுத்திப் பார்த்தேன், மசியவில்லை.

வியாசர்பாடி செல்வி:

நீங்கள் எல்லாம் போன பத்து வருஷமாகக் கண்டுபிடித்ததை எங்கள் தெருவில் ஆடி மாதம் தவறாமல் அண்டாவில் காய்ச்சுகிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். அம்மன் கோயில் கூழுக்கு மாவு கரைப்பது எங்கள் பெரியம்மா. கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்து வைத்துவிடுவார், மறுநாள் அரிசி நொய்யை வேகவைத்து அதில் ஊற்றித் துடுப்பால் கிண்டுவார்கள். போன ஆடியில் மழை, குளிர். காலையில் விறகு அடுக்கியாகிவிட்டது, மேளக்காரர் வந்துவிட்டார், ஜனம் சொம்போடு நிற்கிறது. பெரியம்மா கரைசலுக்குள் விரலை விட்டு, நாக்கில் வைத்துப் பார்த்து, “இன்னும் ஏறல, யாரும் அடுப்பைப் பத்த வைக்காதீங்க” என்றார். கோயில் தலைவர் வந்து சொல்கிறார், கவுன்சிலர் வருகிற நேரம் என்கிறார், ஊஹூம். பானைக்குப் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மதியம் தாண்டிப் புளிப்பு வாசம் தெருவுக்கே வந்த பிறகுதான் தீ. அதுவரை ஒரு ஆள் கலையவில்லை என்பது வேறு விஷயம், கருவாட்டுக் குழம்பு வேறு தயாராக இருந்தது அல்லவா.

என் பெண் காலேஜில் உணவியல் படிக்கிறாள். கேழ்வரகில் 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட 350 மில்லிகிராம் கால்சியம் இருந்தாலும் அதில் இருக்கிற பைட்டேட் என்ற பொருள் அந்தக் கால்சியத்தை முழுசாக உடம்பில் சேரவிடாது, புளிக்க வைத்தால் பைட்டேட் குறையும் என்று அங்கேயே நின்று விளக்கினாள். பெரியம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, “இதைச் சொல்லவா ஃபீஸ் கட்டுறாங்க?” என்றார்.

கேகே நகர் ஆச்சி மகள்:

இது சிறுதானியம் இல்லை, ஆனால் முழுத்தானியம், அதனால் எழுதுகிறேன், யாரும் சண்டைக்கு வராதீர்கள். கவுனி அரிசி, அதாவது கறுப்பரிசி. கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார், அவர் மதுரைப் பக்கம், எனக்காக ஆசையாகச் செய்தார். அரிசியை ஊறவைத்த ஊதாத் தண்ணீரைச் சாயம் என்று நினைத்து, அது வெளுக்கும்வரை மாற்றி மாற்றிக் கழுவியிருக்கிறார். கடைக்காரன் கலர் போட்டு ஏமாற்றிவிட்டான் என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை, வெளிறிப்போன கவுனியைத் தேங்காய்த்துருவல் போட்டுச் சாப்பிட்டேன். சொல்லியிருக்கலாமா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். இப்போது அவரே எங்கள் வீட்டில் கவுனி செய்கிற ஆள், கழுவிய தண்ணீரைக் கீழே விட மாட்டார். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, நான் இல்லை.

தி.நகர் கிச்சன்:

கவுனியை ராத்திரி முழுக்க ஊறவிட்டு, ஊறிய தண்ணீரிலேயே வேகவிட வேண்டும். ஒன்றுக்கு மூன்றுக்குக் குறையாமல் தண்ணீர். முக்கியமாக, அரிசி நன்றாக மலர்ந்த பிறகுதான் சர்க்கரை, முன்னால் போட்டால் அதற்கு மேல் வேகாது, கடிக்கும்.

கேகே நகர் ஆச்சி மகள்:

தெரியும் மேடம், நான் காரைக்குடி.