மால்டாப் பயணம்: குடும்பக் குழு

சுதன்: அடுத்த வாரம் முழுக்க மால்டாவில் 24 பாகை என்று காட்டுகிறது. அரைக்காற்சட்டை இரண்டு, ரீசேட் நான்கு. என் பொதி முடிந்தது.

ராஜி சித்தி: 24 சரிதான், தம்பி. ஆனால் அங்கே வேலை பார்த்த காலத்தில் நான் காலையில் எழுந்து பார்த்தது பாகையை அல்ல, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை. அதே 24தான், திசை மாறினால் உடுப்பும் மாறும்.

காவ்யா: அப்படியென்றால் கடலில் குளிக்க முடியாதா, சித்தி?

ராஜி சித்தி: தாராளமாகக் குளிக்கலாம். ஒக்டோபர் கடைசியிலும் கடல் நீர் 22, 23 பாகையில் இருக்கும். ஆகஸ்டில் பிரைட்டனில் பற்கள் கிட்டக் குளித்தாயே, அதைவிடச் சூடு. கரையேறும்போதுதான் காற்று பிடிக்கும். துவாயோடு ஒரு நீளக்கைச் சட்டையும் கையில் இருக்கட்டும்.
நாங்கள் தங்கும் மெல்லீஹாவுக்குப் பக்கத்தில் ஆதிராக் கடற்கரை கிழக்கைப் பார்த்தது, கோல்டன் பே மேற்கைப் பார்த்தது. வடமேற்குக் காற்று அடித்தால் கோல்டன் பேயில் அலை புரட்டி எடுக்கும், ஆதிராவில் கால் நனைக்கப் பயமில்லை. வடகிழக்குக் காற்றென்றால் அப்படியே மாறிவிடும்.

அம்மம்மா: வடகிழக்கென்றால் வாடை. வேதாகமத்தில் சின்னப்பர் (பவுல்) வந்த கப்பலை மால்டாவில் உடைத்ததும் அதுதானே. நோன்பு நாள் கழிந்துவிட்டது, இனிக் கடலோடக் கூடாது என்று அவர் சொல்லியும் ஒருவரும் கேட்கவில்லை.

ராஜி சித்தி: ஏறக்குறைய இதே பருவம்தான், அம்மா. அதனால் பக்கத்துத் தீவான கோசோவுக்குப் போகும் நாளை இப்போதே குறிக்கவேண்டாம். 25 நிமிடப் படகுதான், ஆனாலும் காற்று கடுமையானால் சிர்கெவ்வாத் துறையிலேயே நிறுத்திவிடுவார்கள். படகின் மேல்தட்டில் நிற்க ஆசைப்படுபவர்கள் காற்றுப் புகாத மெல்லிய மேலங்கி கொண்டுவர வேண்டும்.

சுதன்: கோசோவில் கடலுக்குள் நிற்கும் அந்தக் கல்வாசலில் படம் எடுக்க வேண்டும்.

ராஜி சித்தி: அது 2017 மார்ச் 8ஆம் தேதிப் புயலில் இடிந்து விழுந்துவிட்டது.

காவ்யா: செய்தி அண்ணாவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

தர்சினி: குடை எடுக்கவா, மழை அங்கி எடுக்கவா?

ராஜி சித்தி: அங்கி. குடையைக் காற்று மல்லாத்திவிடும். கோடையில் மழையைக் காண்பதே அரிது. இந்த மாதத்தில் வந்தால் இடியோடு கொட்டும், பள்ளமான தெருக்களில் வெள்ளம் ஓடும். அதைவிடச் சப்பாத்தைக் கவனியுங்கள். தலைநகர் வலெட்டாவின் நடைபாதைக் கற்கள் தேய்ந்து பளபளவென்று கிடக்கும். நனைந்தால் சவர்க்காரம் பூசியதுபோல வழுக்கும். நல்ல ரப்பர் அடி வேண்டும்.
மெல்லிய குதி வைத்த சப்பாத்து வேண்டவே வேண்டாம், தர்சினி. அங்கேயுள்ள அருளப்பர் (புனித யோவான்) பேராலயத்துக்குள் அதோடு விடமாட்டார்கள். தரை முழுக்கப் பளிங்கில் இழைத்த கல்லறைகள். தோளை மூட ஒரு சால்வையும் வை.

தர்சினி: சரி. கண்ணனுக்குத் தொய்வு இருக்கிறதே, அதற்கு ஏதாவது?

ராஜி சித்தி: இன்ஹேலர் கைப்பையில், பெட்டியில் அல்ல. தென்கிழக்கிலிருந்து ஷ்லொக் என்றொரு காற்று வரும். சகாராத் தூசியைச் சுமந்துவரும். அதோடு மழையும் சேர்ந்தால் கார்களின் மேல் செம்மண் படிந்திருக்கும். அன்றைக்குக் கண்ணன் வீட்டில் இருக்கட்டும்.

அம்மம்மா: எங்கள் ஊர்ச் சோளகக் காற்று மாதிரியா?

ராஜி சித்தி: சோளகம் புகையிலையையே உலர்த்திவிடும், அம்மா. இதில் துவாய்கூடக் காயாது. ஆளுக்கு இரண்டு துவாய், மெல்லியதாக.

சித்தப்பா: ஜனவரியில் இன்னும் மலிவாக இருந்தது.

ராஜி சித்தி: ஜனவரியில் வெளியே 15, 16 பாகை. கல்வீட்டுக்குள் அதைவிடக் குளிரும், சுவரில் ஈரம் கசியும். பல வீடுகளில் இங்கிருப்பது மாதிரிச் சூடாக்கி கிடையாது. சொக்ஸ் போட்டுத் தொப்பியும் போட்டுப் படுத்தவள் சொல்கிறேன், அந்த மலிவு வேண்டாம்.

காவ்யா: பிளக் அடாப்டர்?

ராஜி சித்தி: தேவையில்லை. லண்டனில் இருக்கும் அதே மூன்று முள்தான்.

அம்மம்மா: நான் ஒரு போத்தல் நெய்யும் கொஞ்சம் கருவாடும் கட்டி வைத்திருக்கிறேன்.

ராஜி சித்தி: நெய்யை வெளியே எடுங்கள், அம்மா. பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோக முடியாது. கருவாட்டுக்குத் தடையில்லை.

சுதன்: என் பையில் தடை இருக்கிறது.

ராஜி சித்தி: இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை குளிர்கால நேரத்துக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள். அதன்பிறகு மாலை ஐந்தேகாலுக்கே சூரியன் மறைந்துவிடும். கடலுக்குக் காலையில் போவோம். கரை பெரும்பாலும் பாறை, இடுக்குகளில் கடல் முள்ளெலி இருக்கும். நீர்ச் சப்பாத்தை எல்லோருக்குமாக நானே வாங்கிவிடுகிறேன், அளவை அனுப்புங்கள்.

தர்சினி: எனக்கு 5. கண்ணனுக்குச் சிறுவர் அளவில் 12.

சுதன்: 9.

அம்மம்மா: நான் கரையில் இருப்பேன். எனக்கு வேண்டாம்.

ராஜி சித்தி: உங்களுக்கு 4 என்று எழுதிவிட்டேன், அம்மா.