பாதாள சாக்கடைக்குத் தோண்டின தெரு, ரோடு போட யாரைப் பிடிக்கணும்?

தெருமுனை:
எங்க ஊரு டெல்டா பக்கம் ஒரு நகராட்சி, பேரு வேணாம். ஊர் பூரா பாதாள சாக்கடை வேலை நடக்குது. எங்க தெருவுல மழைக்கு முன்னாடியே தோண்டி, குழாய் பதிச்சு, மேன்ஹோல் கட்டி, மேல மண்ணைத் தள்ளிட்டுப் போனவங்கதான், அப்புறம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. ஒவ்வொரு மழைக்கும் தோண்டின இடம் மட்டும் உள்வாங்குது, நாங்களே வீடு இடிச்ச கட்டடக் கழிவை வாங்கிக் கொட்டுறோம், அடுத்த மழைக்கு அதுவும் உள்ள போயிடுது. போன வாரம் தண்ணி லாரியோட பின் சக்கரம் இறங்கி ஜேசிபி வச்சுத் தூக்குனாங்க, அதுல ரெண்டு வீட்டுக் குடிதண்ணி பைப் உடைஞ்சு போச்சு. வெயில் அடிச்சா ஒரே புழுதி, எதிர் வீட்டு அம்மா வீசிங்னு மக வீட்டுக்கே போயிட்டாங்க.

நகராட்சில கேட்டா குழாய் போடுற துறை இன்னும் எங்ககிட்ட ஒப்படைக்கலன்றாங்க. அந்தத் துறை ஆபீஸ்ல கேட்டா எங்க வேலை முடிஞ்சுது, ரோடு நகராட்சிதான் போடணும்ன்றாங்க. கவுன்சிலர் போன் எடுக்குறாரு, மரியாதையா பேசுறாரு, அதோட சரி.

இப்ப தெருக்காரங்க சிலபேர் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு நமக்கு நாமே திட்டத்துல பேவர் பிளாக் போட்டுக்கலாம்னு சொல்றாங்க. அது சரிவருமா? இல்ல பெட்டிஷன் போடணும்னா யாருக்குப் போடணும்? இன்னொரு பயம், ஏற்கனவே ரோட்டு மேல ரோடு போட்டுப் போட்டு எங்க வாசப்படி ரெண்டு படி மண்ணுக்குள்ள போயிருச்சு, இன்னும் ஒசத்துனா மழைத்தண்ணி நேரா ஹாலுக்குத்தான் வரும். வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டீக்கடை பெஞ்ச்:
எலக்‌ஷன் தேதி அறிவிக்கட்டும் ப்ரோ, அதுக்கு மொத நாள் ராத்திரியோட ராத்திரியா போட்டுருவாங்க. மேன்ஹோல் மூடி மேலயும் சேத்து தார் ஊத்திடுவாங்க, அப்புறம் அடைச்சுக்கிட்டா மூடி எங்கன்னு கடப்பாரையால தட்டிக்கிட்டே போகணும். எங்க ஊர்ல நடந்தது.

சைட்டுக்காரன்:
ரொம்ப வருசம் இந்தக் குழாய் வேலைல சைட்ல நின்னவன்ங்க, கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

குழாய் போட்ட உடனே ரோடு போடாம விடறதுக்குப் பாதி நியாயமான காரணம் இருக்குதுங்க. சாக்கடைத் தண்ணி தானா சரிவுல ஓடறது, அதனால தெரு ஆரம்பத்துல ஆழம் கம்மியா இருக்கும், போகப்போக ஆழமாய்க்கிட்டே போகும், ஓரளவுக்கு மேல போனா நீரேற்று நிலையம் கட்டி மேல தூக்கி விடுவாங்க. அவ்வளவு ஆழம் தோண்டின மண்ணைத் திருப்பிப் போடறப்போ கொஞ்சம் கொஞ்சமா போட்டு, தண்ணி விட்டு, ரேமர் வச்சு இடிச்சு, அதுக்கு மேல அடுத்ததுன்னு போகோணும். நெசத்துல என்ன நடக்குதுன்னா ஜேசிபில ஒரே தள்ளு. உங்க டெல்டா களிமண்ணு வேற, நிலத்தடி நீரும் மேலயே இருக்கும், அது உக்காராம என்ன பண்ணும். அதுமேல அவசரப்பட்டுத் தார் போட்டீங்கன்னா அந்த ரோடு ஒரு மழைக்காலம் தாங்காது, அப்புறம் போட்ட ரோடுதானேன்னு திரும்பி யாரும் வரமாட்டாங்க.

அதனால "ரோடு போட்டுக் குடுங்க"ன்னு மொட்டையா எழுதாதீங்க. எழுதுனா "நிதி பெறப்பட்டவுடன் நடவடிக்கை எடுக்கப்படும்"னு ஒரு வரி வரும், கேஸ் குளோஸ். "இத்தனாம் கதவு எண்ல இருந்து இத்தனாம் கதவு எண் வரைக்கும் தோண்டின பள்ளம் உள்வாங்கியிருக்குது, கிராவல் இல்லாட்டி வெட் மிக்ஸ் (தண்ணி கலந்த ஜல்லிக் கலவை) போட்டு ரோலர் ஓட்டி சமன் பண்ணுங்க, இந்த வீட்டு முன்னால மேன்ஹோல் மூடி ரோட்டுக்கு மேல துருத்திட்டு நிக்குது, அதை மட்டத்துக்குக் கொண்டு வாங்க"ன்னு எழுதுங்க. இது நாளைக்கே செய்யக்கூடிய வேலை, பெரும்பாலும் குழாய் ஒப்பந்தத்துலயே சேந்துதான் இருக்கும், காசில்லைன்னு சொல்ல முடியாது. போட்டோ வச்சு, ஆணையருக்கு ஒண்ணு, நகல் நகராட்சி பொறியாளருக்கு, இன்னொரு நகல் குழாய் போடற துறையோட நிர்வாகப் பொறியாளருக்கு. பல ஊர்ல இந்தத் திட்டத்தை தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் செஞ்சு முடிச்சு நகராட்சிக்கு ஒப்படைக்கும், சில ஊர்ல நகராட்சியே டெண்டர் விடும், உங்களுக்கு எதுன்னு மொதல்ல பாத்துக்கோங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பெட்டிஷன்ல எழுதுனாத்தான் ஒருத்தரை ஒருத்தர் கை காட்ட முடியாது. தபால் செக்‌ஷன்ல குடுத்து சீல் வச்ச ஒப்புகை வாங்காம வெளிய வராதீங்க.

பஸ் போற ரோடா இருந்தா அது நெடுஞ்சாலைத் துறை ரோடாக்கூட இருக்கலாம், அப்படின்னா நகராட்சில நின்னு பிரயோசனமே இல்ல. அந்தத் துறைக்கு நம்ம சாலைன்னு தனி ஆப் இருக்குது, போட்டோ எடுத்துப் போட்டா போதும்.

முக்கியமான ஒண்ணு, ரோடு வர்றதுக்கு முன்னால தெருவுல எல்லா வீட்டு சாக்கடை இணைப்பையும் முடிச்சுருங்க, குடிதண்ணி பைப் பழசா இருந்தா அதையும் இப்பவே மாத்திக்கோங்க. புது ரோட்டை வெட்டறதுக்கு அனுமதி வாங்கறதுக்குள்ள உசுரு போயிரும், அதுக்குத் தனியா கட்டணம் வேற கட்டோணும்.

மதுரைக்காரன்:
அண்ணன் சொன்னது அம்புட்டும் சரி. பெட்டிஷன் குடுத்த கையோட 1100க்கு அடிச்சு ஒரு புகார் நம்பர் வாங்கிருங்க, முதல்வரின் முகவரி துறை. அது அதே ஆபீஸுக்குத்தான் திரும்பி வரும், ஆனா மேல இருந்து வந்த பேப்பர்னா எழுதிப் பதில் போட்டே ஆகணும்ல.

அதுக்கும் அசையலன்னா ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்ட மனு. 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்குப் போடுங்க, 30 நாள்ல பதில் சொல்லணும். இதுல நிறையப் பேரு கோட்டை விடுற எடம், "ஏன் ரோடு போடல"ன்னு கேப்பாங்க. ஏன் எதுக்குன்னு கேட்டா அது தகவலே இல்லன்னு தள்ளிருவாய்ங்க. ஆவணத்தைக் கேளுங்க. வேலையோட எஸ்டிமேட் நகல், ஒப்பந்த நகல், வேலை உத்தரவு, உங்க தெருவுக்கு எழுதுன எம்-புக் (செஞ்ச வேலையை அளந்து எழுதுற அளவுப் புத்தகம்) பக்கம். எஸ்டிமேட்ல பள்ளத்தை மூடி சமன் பண்றதுக்குன்னு காசு போட்டு, எம்-புக்ல அளந்த மாதிரி எழுதி பில்லும் போயிருந்துச்சுன்னா உங்க போட்டோ ஒண்ணு போதும்ணே, மிச்சத்தை அவங்களே பேசுவாங்க. அந்தச் சட்டத்துல 2(ஜெ) பிரிவுல வேலையை நேர்ல பாக்கவும், போட்ட பொருள்ல மாதிரி எடுக்கவும்கூட உரிமை குடுத்திருக்கு, அதையும் ஒரு வரி சேத்துக்கங்க. பதில் வரலன்னா மொத மேல்முறையீடு அதே ஆபீஸ் மேலதிகாரிக்கு, அதுக்கப்புறம் தகவல் ஆணையம். ஆணையம் போனா காலம் ஆகும், ஆனா பாதிப் பேருக்கு மொத பேப்பர்லயே வேலை நடந்துரும்.

மாடித்தோட்டம்:
வாசப்படி விஷயத்துக்கு நான் சொல்றேன். 2021 மே மாசம் அப்ப தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புது ரோடு போடணும், மட்டம் ஏறக்கூடாதுன்னு கடிதமே போட்டாரு. மில்லிங்னு சொல்லுவாங்க. எங்க தெருவுல வேலை ஆரம்பிச்ச அன்னைக்கு நாங்க லேடீஸ் எல்லாம் போய் நின்னு அதைக் கேட்டோம், மெஷின் வரலம்மான்னு சொன்னாங்க, வந்தப்புறம் போடுங்கன்னு சொல்லிட்டோம். ஒரு வீட்டு காம்பவுண்டு சுவத்துல இப்ப இருக்குற மட்டத்துக்கு பெயின்ட்ல ஒரு கோடு போட்டு வச்சுக்கங்க, அப்புறம் ஏறல ஏறலன்னு யாரும் கதை விட முடியாது.

அப்புறம் மொட்டை மாடி மழைத்தண்ணி பைப்பை தயவுசெஞ்சு பாதாள சாக்கடைல விடாதீங்க. பிளம்பர்கள் ஈஸியா இருக்குன்னு அங்கயே சொருகிடுவாங்க. அந்தக் குழாய் அளவு வீட்டுக் கழிவுக்குத்தான், நாலு வீட்டு மழைத்தண்ணி சேந்தா பள்ளத்துல இருக்குற வீட்டு பாத்ரூம்ல எதிர்த்துக்கிட்டு வரும். எங்க கடைசி வீட்ல வந்துச்சு, அந்த நாத்தம் சொல்லி முடியாது.

அடைச்சுக்கிட்டா நகராட்சி மெஷினைத்தான் கூப்பிடணும், செப்டிக் டேங்க்னா 14420. காசு குடுத்து ஆளை உள்ள இறக்குறது 2013 சட்டப்படி குற்றம், இறக்குனவங்க மேலயும் கேஸ் வரும். இதைச் சொன்னா எங்க தெருவுலயே முறைக்கிறாங்க, இருந்தாலும் சொல்லிடுறேன்.

தெருமுனை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்கே கதவு எண் போட்டு எழுதிட்டோம், கையெழுத்து வாங்கிட்டு இருக்கோம். அந்த நமக்கு நாமே பத்தி யாரும் சொல்லலையே? ஒருத்தர் ரொம்ப வேகமா வசூலை ஆரம்பிச்சுட்டாரு.

சைட்டுக்காரன்:
வசூலை நிறுத்தச் சொல்லுங்க மொதல்ல. அந்தத் திட்டத்துல மதிப்பீட்டுல பொதுவா குறைஞ்சது மூணுல ஒரு பங்கு மக்கள் போட்டா மீதியை அரசாங்கம் போடும், திட்டம் நல்ல திட்டம்தான், பார்க், ஸ்கூல் கட்டடம், குளம் தூர் வாரறதுன்னு நல்லா செஞ்ச ஊரெல்லாம் இருக்குது. ஆனா தோண்டினவன் சரி பண்ண வேண்டிய பள்ளத்துக்கு நீங்க எதுக்குங்க காசு போடறீங்க? மண்ணு நல்லா உக்காந்து, எல்லா இணைப்பும் முடிஞ்சப்புறம் சந்து கின்னு இருந்தா பேவர் பிளாக் யோசிக்கலாம். நாளைக்குக் குழாய்ல ஏதாச்சும்னாலும் கல்லைப் பேத்துட்டு வேலை பாத்துத் திருப்பி அடுக்கிக்கலாம், தார்ல அது முடியாது. ஓரத்துல கல்லு நகராம கட்டை கட்டச் சொல்லோணும், அதை விட்டாங்கன்னா கனமான வண்டி போகப்போக எல்லாம் பிரிஞ்சுரும்.

மதுரைக்காரன்:
காசு குடுக்கிறதா இருந்தாலும் தனியாளு கைல குடுக்காதீங்க, நகராட்சி பேர்ல டிடி எடுங்க. வசூல் பண்றவரு யாருன்னு எங்களுக்குத் தெரியாது, பொதுவாச் சொல்றேன்.

டீக்கடை பெஞ்ச்:
ஏரியா சபை, அதான் கிராம சபை மாதிரி டவுன்ல வார்டு மக்களுக்கு நடத்துற கூட்டம், நடக்குதா உங்க வார்டுல? 2022 நவம்பர் 1லதான் மொத மொத நடத்துனாங்க. எங்க வார்டுல டீ பிஸ்கட்டோட முடிஞ்சிரும், ஆனா அங்க சொன்னா மினிட்ஸ்ல ஏறும். கவுன்சிலர் முன்னாடி அதிகாரிகிட்ட கேக்கலாம், அந்த ஒண்ணுக்காகப் போகலாம்.

தெருமுனை:
விசாரிக்கிறேன். கடைசியா ஒரு சந்தேகம். தெருவுல சில வீடு பூட்டிக் கிடக்கு, ஓனருங்க சிங்கப்பூர், துபாய்னு இருக்காங்க. அவங்க சாக்கடை இணைப்புக்கு டெபாசிட்டே கட்டல. அவங்க வர்ற வரைக்கும் ரோட்டை நிறுத்தி வைக்கணுமா?

சைட்டுக்காரன்:
வேண்டாங்க. ரோட்டுக்குக் குறுக்க போற குழாயை மட்டும் மேன்ஹோல்ல இருந்து அவங்க காம்பவுண்டு ஓரம் சேம்பர் (இணைப்புத் தொட்டி) வரைக்கும் இப்பவே இழுத்து, முனையை மூடி போட்டு வைக்கச் சொல்லுங்க. வீட்டுக்குள்ள இருந்து சேம்பர் வரைக்கும் அவங்க வந்து பண்ணிக்கட்டும், ரோட்டைத் தொட வேண்டியதில்ல. ஏஇ (உதவிப் பொறியாளர்) கிட்ட இதையும் பெட்டிஷன்லயே அந்தந்தக் கதவு எண்ணோட எழுதிக் குடுங்க, வாயில சொன்னா சைட்டுக்குப் போய்ச் சேராது. ஓனருங்க வாட்ஸ்அப் நம்பர் இருந்தா டெபாசிட் ஆன்லைன்ல கட்ட முடியுதான்னு பாக்கச் சொல்லுங்க, முடியலன்னா சொந்தக்காரங்க யாராச்சும் சொத்து வரி ரசீதை எடுத்துட்டு கவுன்ட்டருக்குப் போனாப் போதும்.