மல்லித் தோட்டத்துக்குப் போனோம், ஒரு பூ கூட இல்லை

பாளையங்கோட்டைக்காரன்:
அம்மா 30 வருஷமா போபால்ல இருக்காங்க. இந்தப் பங்குனிக்கு ஊருக்கு வந்ததுல இருந்து, "ஒரு பூந்தோட்டத்துல கொஞ்ச நேரம் நிக்கணும்ப்பா"ன்னு ஒரே ஆசை. ஞாயித்துக்கிழமை சங்கரன்கோவில் பக்கம் தெரிஞ்சவர் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். போய்ச் சேரும்போது மணி 11. பார்த்தா வெறும் பச்சைச் செடி. அம்மா ஒண்ணும் சொல்லல, வரப்புல உக்காந்துட்டாங்க. இன்னும் பருவம் வரலையா? முழங்கால் வலி இருக்கு, ரொம்ப தூரம் நடக்க மாட்டாங்க.

தென்காசி வாசி:
சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தியை யாராச்சும் சொல்லுவாங்க. நம்பி இப்ப போயிராதீங்க. அது சாரல் காலத்துல, ஆடி ஒட்டிப் பூக்கிறது.

கிணத்தடிக்காரி:
அண்ணாச்சி, பருவம் சரிதான், நேரம்தான் தப்பு. கார்த்திகை கடைசியில கவாத்து பண்ணின, அதாவது கிளையை வெட்டி விட்ட மல்லி, மாசி பங்குனியில நல்லா மொட்டு எடுக்கும். ஆனா மல்லித் தோட்டத்துல யாரும் பூவைப் பூக்க விட மாட்டோம். சாயங்காலம் விரியவேண்டியதை விடியக்காலையிலயே மொட்டாப் பறிச்சிருவோம். விரிஞ்சா சந்தையில விலை போகாது. நீங்க போன 11 மணிக்கு அந்த மொட்டெல்லாம் சரமாகி யார் தலையிலயோ ஏறியிருக்கும்.

எங்க அப்பாவுக்கு அரை ஏக்கர். சின்னப்பிள்ளையில இருந்து நான் பறிச்சிருக்கேன். 4 மணிக்கு நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு, சேலையை மடியாக் கட்டி இறங்குவோம். ஒரே கொத்துல மூணு மொட்டு இருக்கும். வெள்ளையா, தடிச்சு, நுனி கூம்பி நிக்கிறது இன்னைக்கு உள்ளது. அடியில பச்சை ஓடுறது நாளைக்கு உள்ளது, அதைத் தொடக்கூடாது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வச்சு காம்போட கிள்ளணும், இழுத்தா பிஞ்சும் சேர்ந்து வந்திரும். இருட்டுல கண்ணை விட விரலுக்குத்தான் தெரியும்.

அம்மாவை 5 மணிக்குக் கூட்டிட்டுப் போங்க. நடக்க வேண்டாம், வரப்புல ஒரு நாற்காலி போட்டா போதும். முந்தின நாள் கைக்குத் தப்பின மொட்டு ஒண்ணு ரெண்டு இலைக்கு அடியில விரிஞ்சு கிடக்கும், அதைக் கையில குடுங்க. முதல் கைப்பிடியை நாங்க கோமதி அம்மனுக்குன்னு எடுத்து வைப்போம், அம்மா கையால எடுக்கச் சொல்லுங்க.

விடிஞ்ச பிறகு பக்கத்துல எங்கயாச்சும் வேப்ப மரம் தேடுங்க. இப்ப வேப்பம்பூ உதிருற நேரம். ராத்திரியே வேட்டியை விரிச்சு வச்சா காலையில பூவா நிறைஞ்சிருக்கும். எனக்கு மல்லியை விட அந்த வாசனைதான் ஊர்.

பாளையங்கோட்டைக்காரன்:
போயிட்டு வந்தோம்க்கா. மூணரைக்கே கிளம்பினோம். அம்மா நாற்காலியில உக்காரவே இல்ல, பறிக்கிற பாட்டி ஒருத்தர் பின்னாடியே ரெண்டு பாத்தி நடந்துட்டாங்க. நாளைய மொட்டைத் தொடப் போய் ரெண்டு தடவை கையில அடி வாங்கினாங்க, அதுல அவ்வளவு சிரிப்பு. திரும்பும்போது கிணத்தடியில வேப்பம்பூ அள்ளிட்டு வந்தோம். மொட்டை மாடியில காயுது. போபாலுக்குக் கொண்டு போகணுமாம். நாலு நாள் வெயில் போதுமா?

கிணத்தடிக்காரி:
போதும் அண்ணாச்சி. சாயங்காலம் எடுத்து உள்ள வச்சிருங்க, ஈரம் பட்டா கறுத்திரும். கையில எடுத்தா சலசலன்னு சத்தம் வரணும், அப்புறம் டப்பாவுல போடுங்க. அம்மாவை ரசத்துக்கு நெய்யில வறுத்துப் போடச் சொல்லுங்க.